நன்றி சொல்லும் சனிக்கிழமை

“மூணு பேர்தான் சார். குடும்பம்னா நாங்க மூணு பேர்தான்.”

மொட்டை மாடியில் துணி எடுக்கப் போன அக்காவின் காதில், தம்பி யாரிடமோ போனில் சொன்ன இந்த வார்த்தைகள் விழுந்து ஒரு வாரம் ஆகிவிட்டது. தண்ணீர்த் தொட்டிக்கு அந்தப் பக்கம் அவன், கொடிக்கு இந்தப் பக்கம் இவள். நடுவில் காய்ந்துகொண்டிருந்த போர்வை இவளை மறைத்துவிட்டது.

லிஃப்ட் பழுது பார்க்கும் கம்பெனியில் அவனுக்குப் பதவி உயர்வு. வேறு ஊர்க் கிளைக்கு மேற்பார்வையாளர். அங்கே வீடும் பார்த்தாயிற்று. அடுத்த மாதம் போக வேண்டும். அந்த ஒரு பேச்சிலிருந்து அக்கா பொறுக்கிக் கோத்துக்கொண்டது இவ்வளவும். நேராக அவளிடம் யாரும் மூச்சு விடவில்லை.

அந்த வீட்டில் இருப்பதோ நாலு பேர். தம்பி, அவன் மனைவி, அவர்கள் மகள் சுண்டு, அப்புறம் அக்கா.

அவனாகவே சொல்லட்டும் என்று காத்திருந்தாள். சாப்பிடும்போது சொல்வான் என்று நினைத்தாள், உப்பு கேட்டான். டி.வி. பார்க்கும்போது சொல்வான் என்று பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். ரிமோட்டை அவள் கையில் கொடுத்துவிட்டு எழுந்து போனான்.

அதற்குள் சனிக்கிழமையும் வந்துவிட்டது.

நூலகத்துக்குப் பின்னால் இருக்கும் கூடத்தில் சனிக்கிழமைதோறும் பெண் பிள்ளைகள் குழு கூடும். கூடாரம் கட்டப் பழகுவார்கள், முடிச்சுப் போடப் பழகுவார்கள், காயத்துக்குக் கட்டுப் போடப் பழகுவார்கள். சண்டை போட மட்டும் பழகத் தேவையில்லை. வருடத்தில் ஒரு சனிக்கிழமை, குழுவுக்குக் கை கொடுத்தவர்களையெல்லாம் கூப்பிட்டு உட்கார வைத்து, பிள்ளைகள் நன்றி சொல்வார்கள். அந்த வழக்கத்தை ஆரம்பித்து வைத்ததே அக்காதான். அவளை ஊரே அக்கா என்றுதான் கூப்பிடும். தம்பிக்கு நிஜமாகவே அக்கா, மற்றவர்களுக்குப் பழக்கதோஷம்.

காலையில் சமையலறைக்குள் நுழைந்தபோது தம்பி நின்றுகொண்டே காபி குடித்துக்கொண்டிருந்தான்.

“இன்னிக்கு சாயங்காலம் கூடத்துல விழா. வாயேன்டா. சுண்டு பேசப் போறா.”

“வேலை இருக்குக்கா.”

“சனிக்கிழமையா?”

“லிஃப்ட்டுக்கு ஏதுக்கா சனி, ஞாயிறு?” என்று சிரித்தான். சிரிப்பு காபி டம்ளரைத் தாண்டி வரவில்லை. ஆறு அடி உயரத்துப் பிள்ளை, அக்காவின் கண்ணைப் பார்க்காமல் டம்ளரின் அடியையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“நான் வரேன்” என்றாள் தம்பி மனைவி, சுண்டுவின் குழு ஸ்கார்ஃபுக்கு இஸ்திரி போட்டபடி. அவள் குரலிலும் ஏதோ விறைப்பு. கூரியர் அலுவலகத்தில் முன்மேசையில் உட்கார்ந்து நாள் முழுக்க அந்நியர்களிடம் இனிக்க இனிக்கப் பேசுகிறவள். சில நாட்களாக அக்காவிடம் மட்டும் அளந்துதான் பேசினாள்.

சுண்டு குளியலறையிலிருந்து தலையை நீட்டினாள். பிறந்தபோது சுண்டுவிரல் அளவு இருந்தாள் என்று வைத்த பெயர். பதினாலு வயதில் அத்தையைவிட அரை ஜாண் வளர்ந்துவிட்டாள். பெயர் மட்டும் வளரவில்லை.

“அத்தை, நான் கண்டிப்பா பேசணுமா?”

“வேன் மாமாவுக்கு நீதான்னு முடிவு பண்ணியாச்சு. பேச்சு மாறக் கூடாது.”

“என்ன வேணும்னாலும் பேசலாமா?”

“மனசுல இருக்கிறதைப் பேசு.”

பின்னால் இதை நினைத்து அக்கா நாக்கைக் கடித்துக்கொள்ளப் போகிறாள். அப்போது தெரியவில்லை.

*

கண்ணாடிக் கடையில் அரை நாள்தான் வேலை. காலை முழுக்க ஒரு ஆசிரியையின் மூக்குக் கண்ணாடியோடு போராட்டம். காதுக்குப் பின்னால் அழுத்துகிறது என்றார். கம்பைச் சூடு காட்டி வளைத்தாள். இப்போது மூக்கில் வழுக்குகிறது என்றார். மூக்குத் தாங்கியை மாற்றினாள். கடைசியில் மாட்டிப் பார்த்துவிட்டு, “வயசானது நல்லாத் தெரியுது” என்றார்.

“அது கண்ணாடியோட தப்பில்லை டீச்சர்.”

இருவரும் சிரித்தார்கள். ஆசிரியை போனதும் கடை அமைதியாகிவிட்டது. சுவர் முழுக்க ஃப்ரேம்கள். முகமில்லாத கண்ணாடிகள் வரிசை வரிசையாக அவளையே பார்த்துக்கொண்டிருந்தன.

முதலாளி கல்லாப் பெட்டியருகிலிருந்து குரல் கொடுத்தார்: “கிளம்புங்கம்மா. உங்க பட்டாளம் காத்துக்கிட்டிருக்கும். உங்களுக்கென்ன, நான் ஒரு பொண்ணுக்கு ஏங்கினேன். உங்களுக்குக் கூடம் நிறையப் பொண்ணுங்க.”

இதைப் பலர் பலவிதமாகச் சொல்லிக் கேட்டிருக்கிறாள். உங்களுக்கென்ன. அந்த வார்த்தைக்குப் பிறகு யாரும் எதுவும் கேட்பதில்லை. நிறைய இருக்கிறவளிடம் என்ன கேட்பது?

அந்தக் கூடத்துக்கு அவளை முதலில் அனுப்பியதும் இந்த முதலாளிதான். பிள்ளைகளுக்கு இலவசமாகக் கண் பரிசோதித்துவிட்டு வரச் சொன்னார். ஒரு மதியத்து வேலை. வரிசையில் கடைசியாக வந்தாள் ஒரு சிறுமி. பந்தைப் பிடிக்கத் தெரியாது, எங்கே போனாலும் இடித்துக்கொள்வாள், மக்கு என்று மற்றவர்கள் ஒதுக்கி வைத்திருந்தார்கள். சோதனை ஃப்ரேமில் வில்லைகளை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டே போனபோது, ஒரு கட்டத்தில் அந்தப் பெண் வாயைப் பிளந்துகொண்டு ஜன்னலைப் பார்த்தாள். “மரத்துல இலை இலையா இருக்கு” என்றாள். அடுத்த சனிக்கிழமை கண்ணாடியைக் கொடுக்கப் போன அக்கா, பிறகு ஒரு சனிக்கிழமையும் போகாமல் இருந்ததில்லை.

அப்பா, அம்மா போனபோது தம்பி பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தான். இவள் கடைக்கு வேலைக்கு வந்தாள். அவன் படித்தான், வேலைக்குப் போனான், கல்யாணம் செய்துகொண்டான். இவள் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. உங்களுக்கென்ன.

பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

*

கூடத்தில் நாற்காலிகளைப் போட்டு முடிப்பதற்குள் விருந்தாளிகள் வரத் தொடங்கிவிட்டார்கள். கூடத்தைத் திறந்து மூடுகிற சாவியம்மா, என்றைக்கும் இல்லாமல் தலை வாரிப் பூப்போட்ட புடவை கட்டிக்கொண்டு வந்து, வாசலிலேயே நின்றார்.

“உள்ளே வாங்க. இன்னிக்கு நீங்க விருந்தாளி” என்றாள் அக்கா.

“என் கூடத்துக்கு நானே விருந்தாளியா? நல்லா இருக்கே கதை!” என்று சொல்லிவிட்டு, முன்வரிசையில் உட்காரும் முன் நாற்காலியைத் துடைத்தார்.

பேக்கரிக்காரர் வந்தார். முதலுதவி கற்றுக்கொடுக்கும் நர்ஸம்மா வேலை உடையோடு வந்தார். முகாமுக்கும் நீச்சலுக்கும் பிள்ளைகளை ஏற்றிப் போகும் வேன்காரர், வண்டியைத் தெருவில் விட்டுவிட்டு ஒரு கண்ணை அதன் மேல் வைத்தபடி கடைசியாக வந்தார். பிள்ளைகளின் அம்மாக்கள் பின்வரிசைகளில். தம்பி மனைவி சுவரோரமாக உட்கார்ந்தாள். அக்கா கையசைத்ததற்குத் தலையை மட்டும் ஆட்டினாள்.

முதலில் ஒரு பொடிசு எழுந்து வந்து மைக்கைப் பிடித்தது. “நாங்க லேட்டா வந்தாலும் திட்டிக்கிட்டே கதவைத் திறந்து விடுற சாவியம்மாவுக்கு நன்றி. திட்டாம திறந்தா இன்னும் நல்லா இருக்கும்.”

கூடம் சிரித்தது. சாவியம்மா, “நேரத்துக்கு வாடி, திட்ட மாட்டேன்!” என்று பதிலுக்குக் கத்திவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“பேக்கரி மாமா உடைஞ்ச பிஸ்கட்டையெல்லாம் எங்களுக்குக் குடுப்பார்” என்றாள் அடுத்தவள். “சில நாள் உடையாததையும் உடைச்சுக் குடுப்பார். அவருக்குத் தெரியாம நாங்க பார்த்தோம்.” பேக்கரிக்காரர் கையும் களவுமாகப் பிடிபட்டவர்போல் தலையைக் குனிந்துகொண்டார்.

நர்ஸம்மாவுக்கு இரண்டு பேர் சேர்ந்து நன்றி சொன்னார்கள். ஒருத்தி பேச, மற்றொருத்தி தலை முழுக்கக் கட்டுப் போட்டுக்கொண்டு வந்து நின்றாள்.

அக்கா கூடத்தின் கடைசியில், ஸ்விட்ச் போர்டுக்குப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். யாருக்கு யார் பேசுவது என்று ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டுச் சொன்னவள் அவள்தான். தனக்கு யார் பேசுவது என்று சொல்ல அவளுக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் சொல்ல முடியுமா? வருடா வருடம் இப்படித்தான் நடக்கிறது. பிள்ளைகள் மேல் குறையே இல்லை. ஒவ்வொருத்தியும் வேறு யாராவது சொல்வார்கள் என்று நினைத்திருப்பாள். மற்ற வருடங்களில் இது அவளுக்கு உறைக்கவில்லை. இந்த வருடம் உறைத்தது.

கடைசியாக, சுண்டு.

“வேன் மாமாவுக்கு நன்றி” என்று ஆரம்பித்தாள். “மலை முகாமுக்குப் போனப்ப நான் அவர் சீட்டு மேலேயே வாந்தி எடுத்துட்டேன். அவர் திட்டவே இல்லை. ஜன்னலைத் திறந்து வெச்சு, பாதி வழி எனக்காக மெதுவா ஓட்டினார். அதுக்கு நன்றி மாமா.”

வேன்காரர் எழுந்து ஒரு கும்பிடு போட்டார். கைதட்டினார்கள். சுண்டு மைக்கை விடவில்லை.

“இன்னொண்ணு சொல்லணும். அப்பாவுக்கு வேலை மாறிடுச்சு. அடுத்த மாசம் எங்க வீட்டுல எல்லாரும் வேற ஊருக்குப் போறாங்க. அத்தை வரலையாம். இங்கேயே தனியா இருக்கப் போறாங்களாம்.” ஒரு மூச்சு எடுத்தாள். “நானும் போகலை. நான் அத்தையோட இருக்கப் போறேன்.”

யாரோ தட்டினார்கள். உடனே எல்லோரும் தட்டினார்கள். இதுவும் நன்றி சொல்வதில் ஒரு பகுதி, முன்பே யோசித்து வைத்த அழகான முடிவு என்று நினைத்துக்கொண்டார்கள். அம்மாக்கள் திரும்பி அக்காவைப் பார்த்துத் தட்டினார்கள். சாவியம்மா விசில் அடிக்காத குறை. அன்று அக்காவுக்காக எழுந்த ஒரே கைதட்டல் அது. ஓடி ஒளிய ஒரு இடம் கிடைக்குமா என்று அவள் சுற்றும் முற்றும் பார்த்தாள்.

சுவரோர நாற்காலி காலியாக இருந்தது.

*

கூடத்தின் பின்னால் தேநீர் போடும் சிறிய அறையில் தம்பி மனைவி நின்றுகொண்டிருந்தாள். கெட்டிலில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. அதை அணைக்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

“சந்தோஷமா அண்ணி?” என்றாள்.

“என்ன கேட்கிறே?”

“இத்தனை பேர் முன்னாடி என் பொண்ணு என்னை விட்டுட்டு உங்களோட இருக்கப் போறேன்னு சொல்றா. எல்லாரும் கை தட்டுறாங்க. என் மூஞ்சியை நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன்? நேராச் சொல்லியிருக்கலாமே, பிள்ளையை எங்கிட்ட விட்டுட்டுப் போங்கன்னு. அதை ஏன் அவ வாயால சொல்ல வெச்சீங்க?”

“நான் எதுவும் சொல்லிக் குடுக்கலை.”

“பின்னே அவளுக்கு எப்படித் தோணும்? நீங்க வரலைன்னு சொன்னப்பவே நினைச்சேன், மனசுல ஏதோ வெச்சுக்கிட்டுத்தான் சொல்றீங்கன்னு. நாலஞ்சு நாளா முகம் குடுத்துப் பேசுறதில்லை…”

“இரு” என்றாள் அக்கா. “நான் வரலைன்னு யார்கிட்ட சொன்னேன்?”

“அவர்கிட்ட.”

“எப்ப?”

தம்பி மனைவி விரல் விட்டு நாட்களை எண்ணத் தொடங்கி, பாதியில் நிறுத்தினாள்.

“எனக்கு யாரும் ஒண்ணுமே சொல்லலைம்மா” என்றாள் அக்கா. குரல் உயரவில்லை, உயர்த்தத் தெம்பில்லை. “மாடியில துணி எடுக்கப் போனேன். அவன் போன்ல பேசிக்கிட்டிருந்தான். அதுலதான் எனக்கே தெரியும். வாக்கான்னும் கேட்கலை, வராதேன்னும் சொல்லலை.”

கெட்டில் தானாக அணைந்தது. ‘டக்’ என்ற அந்தச் சின்னச் சத்தத்துக்கு இருவருமே திடுக்கிட்டார்கள்.

“அக்காகிட்ட பேசிட்டேன், உங்க குடும்பம், நீங்க போங்கன்னு அவ சொல்லிட்டான்னு சொன்னாரே…” தம்பி மனைவி மெல்லச் சொன்னாள். “அக்காவுக்கென்ன, அவளுக்குக் குழு இருக்கு, கடை இருக்கு, அவ நம்மளைத் தேட மாட்டான்னு சொன்னாரே. எனக்குக்கூடக் கோபம். இத்தனை வருஷம் ஒண்ணா இருந்துட்டு, ஒரு வார்த்தைகூட வருத்தப்படாம போங்கன்னு சொல்லிட்டாங்களேன்னு.”

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரே அடுப்பில் இத்தனை வருடம் சமைத்தவர்கள். ஒருவர் மேல் ஒருவர் கோபமாக இருந்த அந்த நாட்களில் இரண்டு பேருமே ஒரே பொய்யைச் சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

“சுண்டு உங்களோடதான் வருவா. நான் சொல்லிடறேன்” என்றாள் அக்கா.

தம்பி மனைவி கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். “நான் பஸ்ல முன்னாடி போறேன் அண்ணி. வீட்டுல அவர்கிட்ட ஒரு கேள்வி கேட்கணும்.”

கூட்டம் கலைந்தபிறகு அக்கா நாற்காலிகளை மடக்கினாள். வேன்காரர் கேட்காமலேயே வந்து கூட மடக்கினார்.

“எல்லாருக்கும் சொன்னாங்க. உங்களுக்கு யாரும் சொல்லலையேம்மா?”

“எனக்குப் பேசவும் நானே ஆள் வைக்கணுமாண்ணே?”

அவர் சிரிக்கவில்லை. “நான் மத்தவங்க கூப்பிட்டா வர்றவன். நீங்க கூப்பிடுறவங்க. கூப்பிடுறவங்களை யாரும் கூப்பிடுறதில்லை, அதான்” என்றார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, “நன்றிம்மா” என்றார்.

எதிர்பாராத இடத்தில் கிடைத்ததால் அதை எப்படி வாங்கிக்கொள்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. “அந்தப் பக்கம் இன்னும் நாலு நாற்காலி இருக்கு” என்றாள். அவர் அதற்கும் தலையாட்டிவிட்டுப் போனார்.

வேனில் வீடு திரும்பும்போது சுண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள்.

“அம்மா கோபமா?”

“இருக்காதா? அவ பெத்த பொண்ணு நீ. அம்மா, அப்பா எங்கே போறாங்களோ அங்கேதான் நீயும் போகணும். இனிமே இந்தப் பேச்சே வேண்டாம்.”

எப்போதும் அத்தையின் தோளில் சாய்ந்துகொள்கிற பெண், அன்று கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு தெருவைப் பார்த்தபடி வந்தாள். கூடத்தில் எழுந்த அந்தக் கைதட்டலை அக்கா, வேண்டாம் வேண்டாம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டே, மனதுக்குள் ஒருமுறை கேட்டுப் பார்த்தாள். அத்தையோட இருக்கப் போறேன். நடக்காத காரியம்தான். இருந்தாலும் ஒரு பிள்ளைக்கு அப்படிச் சொல்லத் தோன்றியிருக்கிறதே.

*

வீட்டில் டி.வி. சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. தம்பி சோபாவின் நுனியில் உட்கார்ந்திருந்தான். அவன் மனைவி சாப்பாட்டு மேசையருகே கை கட்டி நின்றுகொண்டிருந்தாள். சுண்டு ஒருவரையும் பார்க்காமல் தன் அறைக்குப் போய்விட்டாள்.

“நீங்களே கேளுங்க அண்ணி. நான் கேட்டா பதிலே வரலை.”

அக்கா செருப்பைக்கூடக் கழற்றவில்லை. “நான் வரலைன்னு எப்படா சொன்னேன்?”

அவன் ரிமோட்டை எடுத்து, ஏற்கெனவே சத்தமில்லாத டி.வி.யை அணைத்தான்.

“வேலை மாறினதைச் சொல்லலை. வீடு பார்த்ததைச் சொல்லலை. சரி, மறந்துட்டே. ஆனா நான் சொல்லாத ஒண்ணை நான் சொன்னதா ஏன்டா சொன்னே? ஒரு வார்த்தை எங்கிட்ட கேட்டிருக்கலாமே?”

“கேட்டிருக்கலாம்.”

“ஏன் கேட்கலை?”

அவன் நிமிர்ந்தான். அந்த ஒரு வாரத்தில் முதல்முறையாக அவள் கண்ணைப் பார்த்தான்.

“கேட்டா, வரேன்னு சொல்லிடுவியோன்னு பயந்தேன்கா.”

தம்பி மனைவி, “ஐயோ” என்றாள்.

“தப்பா எடுத்துக்காதே” என்று ஆரம்பித்தவன், அந்த வார்த்தையின் அபத்தம் அவனுக்கே புரிந்ததுபோல நிறுத்திக்கொண்டான். “நீ இல்லைன்னா நான் இல்லை. அது எனக்குத் தெரியும். ஊருக்கே தெரியும். இந்த வீட்டுல குழாய் ஒழுகினா உன்கிட்ட சொல்றாங்க. சுண்டுவுக்குக் காய்ச்சல்னா உன்னை எழுப்புறாங்க. பத்து மாடி லிஃப்ட்டை நான் தனியா இறக்கி ஏத்துறேன். எங்க வீட்டு ஃபேன் நின்னா, அக்கா வரட்டும்ங்கிறாங்க. என்னை யாரும் எதுக்கும் தேடினதில்லைக்கா. ஒரே ஒரு தடவை, ஒரு வீட்டுக்கு நான் பெரியவனா இருந்து பார்க்கணும்னு நினைச்சேன். உன்கிட்ட அதை எப்படிச் சொல்றது? எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுச் சொல்றது?”

அவன் பொய் சொல்லவில்லை. அதுதான் வலித்தது. இத்தனை காலம் அவள் ஓடி ஓடிச் செய்ததெல்லாம் உண்மை. அது இவன் தோளில் ஒரு மூட்டையாக உட்கார்ந்திருந்ததும் உண்மை.

“நான் வந்திருக்க மாட்டேன்டா” என்றாள் அக்கா. “எனக்குக் கடை இருக்கு. பிள்ளைங்க இருக்காங்க. இல்லைடா தம்பி, நீ போயிட்டு வான்னுதான் சொல்லியிருப்பேன். ஆனா, கேட்டிருக்கணும். நான் இல்லைன்னு சொல்றதுக்காகவாவது கேட்டிருக்கணும்.”

அவன் முகத்தை இரு கைகளாலும் மூடிக்கொண்டான். மேற்பார்வையாளர் ஆகப்போகிறவன், பள்ளிக்கூடத்துப் பையன்போல் குலுங்கினான். எத்தனையோ முறை அவன் தலையைக் கோதிவிட்டவள்தான். இன்று கை முன்னே போய், பாதியில் நின்று, திரும்பி வந்துவிட்டது. தம்பி மனைவி போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அதுதான் சரி என்று அக்காவுக்குத் தோன்றியது. சரியாக இருப்பதெல்லாம் ஏன் இப்படிக் குளிர்கிறது என்றும் தோன்றியது.

“என்னை யாராவது கேட்டீங்களா?”

மூவரும் திரும்பினார்கள். சுண்டு அறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். ஸ்கார்ஃபைக்கூடக் கழற்றவில்லை.

“அப்பா அத்தையைக் கேட்கலைன்னு எல்லாரும் அழறீங்க. என்னை யார் கேட்டாங்க? அம்மா, ‘சாமானெல்லாம் எடுத்து வை’ன்னு சொன்னாங்க. அப்பா, ‘அங்கே ஸ்கூல் பெரிசா இருக்கும்’னு சொன்னார். அத்தை, ‘இனிமே இந்தப் பேச்சே வேண்டாம்’னு சொன்னாங்க. ஒருத்தர்கூடக் கேட்கலை.”

கதவு சாத்திக்கொண்டது. அடித்துச் சாத்தவில்லை, மெதுவாகச் சாத்தினாள். அது இன்னும் மோசம்.

தம்பி எழுந்தான். பாதி வழியில் நின்றான். பழக்கம் விடுமா? அக்காவைத் திரும்பிப் பார்த்தான்.

“நீ போடா” என்றாள் அவள்.

அவன் போய்த் தட்டினான். பேர் சொல்லிக் கூப்பிட்டான். உள்ளேயிருந்து, “அப்புறம்பா” என்று பதில் வந்தது. பிறகு தம்பி மனைவி போனாள். “அப்புறம்மா.” இருவரும் சமையலறைப் பக்கம் ஒதுங்கிப்போய்த் தணிந்த குரலில் பேசத் தொடங்கினார்கள்.

அக்கா அப்போதுதான் செருப்பைக் கழற்றினாள். தன் அறைக்குப் போய்க் கட்டிலில் உட்கார்ந்தாள். அடுத்த மாதம் இந்தச் சுவர்களுக்கு அந்தப் பக்கம் எந்தச் சத்தமும் இருக்காது. அதைப் பழகிப் பார்ப்பதுபோல் கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தாள். முடியவில்லை. எழுந்து போய், சுண்டுவின் கதவை விரல் நுனியால் தட்டினாள்.

“நான்தான். வேன்ல உன்னைக் கேட்காம பேசிட்டேன். தப்பு என்மேலதான். இப்ப கேட்கிறேன். நீ சொல்றதை மட்டும் கேட்டுக்கிறேன். வரலாமா?”

உள்ளே கட்டில் கிரீச்சிட்டது. பிறகு தாழ்ப்பாள் விலகும் சத்தம்.

சுண்டு கட்டிலில் காலை மடக்கி உட்கார்ந்திருந்தாள். அக்கா தரையில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

“அத்தை, கூடத்துல சொன்னேன் இல்லை? உங்களோட இருக்கப் போறேன்னு.”

“ம்.”

“அது… உங்களுக்காக இல்லை.”

அக்கா மனதுக்குள் பத்திரமாக வைத்திருந்த கைதட்டல் சத்தம் ஒவ்வொன்றாக அடங்கி, கடைசியில் நின்றது.

“நீங்க தனியா இருப்பீங்கன்னு சொன்னா எல்லாரும் ஒத்துப்பாங்கன்னு நினைச்சேன். உண்மையைச் சொன்னா ஒத்துக்க மாட்டாங்க. கோபமா அத்தை?”

“இல்லை” என்றாள். முழுப் பொய்யும் இல்லை, முழு உண்மையும் இல்லை. “பின்னே யாருக்காக?”

சுண்டுவின் கண்கள் கதவுப் பக்கம் போயின. சமையலறையிலிருந்து தம்பியும் அவன் மனைவியும் பேசுவது இங்கே வரை கேட்டது. அந்தப் பெண்ணின் முகத்தில் இருந்தது பிடிவாதமல்ல, பயம் என்று அக்காவுக்கு அப்போதுதான் தெரிந்தது. இத்தனை பேருக்குக் கண் பார்த்தவள், இத்தனை நாள் இதைப் பார்க்கத் தவறியிருக்கிறாள்.

எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள். திரும்பி வந்து, இந்த முறை கட்டிலில், அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“சொல்லு. நடுவுல பேச மாட்டேன்.”

சுண்டு தலையணையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அதன் ஓரத்தைத் திருகிக்கொண்டே, ஜன்னலைப் பார்த்தபடி பேச ஆரம்பித்தாள்: “எனக்காகத்தான் அத்தை. அங்கே ஒருத்தரையும் தெரியாது, அந்தப் பெரிய ஸ்கூலை நினைச்சாலே பயமா இருக்கு…”